நைலான் கியர் ஏன் பல் உதிர்கிறது? – பட்டறைக் கேள்வி பதில்

போன இதழில் இயந்திரச் சத்தத்தைக் குறைப்பது பற்றி எழுதும்போது, "இரும்பு கியரில் ஒன்றை பிளாஸ்டிக்கில் மாற்றிப் பார்க்கலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. மாற்றிப் பார்த்துப் பல்லைப் பறிகொடுத்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் பிளாஸ்டிக் கியருக்கே.

கேள்வி: பொட்டலம் கட்டும் இயந்திரம் செய்கிறோம். அரை எச்.பி. மோட்டார், 1440 ஆர்.பி.எம். கியர்பாக்ஸுக்குப் பிறகு 90 ஆர்.பி.எம். வருகிறது. அங்கே 20 பல் பினியன் (சின்ன கியர்), 50 பல் கியர். மாட்யூல் 2, அகலம் 20 மி.மீ. இரண்டும் இரும்பில் இருந்தபோது சத்தம் தாங்கவில்லை. பெரிய கியரை மட்டும் அதே டிராயிங்கை வைத்து காஸ்ட் நைலானில் வெட்டிப் போட்டோம். சத்தம் போனது, மூன்றாவது வாரம் பல்லும் போனது. வாங்கிய ராடு தரமில்லையா? உடைந்த கியரின் படம் இணைத்துள்ளோம்.
– இயந்திரம் செய்பவர், கோவை

பதில்: ராடின் மேல் பழி இல்லை. "அதே டிராயிங்கை வைத்து" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அதில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுவிடுவோம். அரை எச்.பி. என்றால் 0.37 கிலோவாட். டார்க் (சுழற்றும் விசை) கண்டுபிடிக்க, 9550-ஐ கிலோவாட்டால் பெருக்கி ஆர்.பி.எம்.மால் வகுக்க வேண்டும்: 9550 × 0.37 ÷ 90 = 39.3 நியூட்டன் மீட்டர். மாட்யூலைப் பல் எண்ணிக்கையால் பெருக்கினால் பிட்ச் விட்டம்; பினியனுக்கு அது 2 × 20 = 40 மி.மீ., ஆரம் 20 மி.மீ. எனவே பல்லின் மேல் விழும் விசை 39.3 ÷ 0.02 = சுமார் 1,960 நியூட்டன். ஏறக்குறைய 200 கிலோ எடையை ஒரு பல்லில் தொங்கவிட்ட மாதிரி.

அந்த விசையைப் பல் தாங்குமா என்பதற்கு லூயிஸ் சூத்திரம் போதும். விசையை அகலம், மாட்யூல், பல் வடிவ எண் மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 20 டிகிரி பிரஷர் ஆங்கிளில் (பல் பக்கத்தின் சாய்வுக் கோணம்) 50 பல்லுக்கு வடிவ எண் சுமார் 0.41. ஆக 1,960 ÷ (20 × 2 × 0.41) = சதுர மி.மீ.க்கு 120 நியூட்டன். நல்ல எஃகுக்கு இது பெரிய சுமையில்லை. ஆனால் காய்ந்த நைலானை ஒரே இழுப்பில் அறுக்கவே 80 நியூட்டன் பக்கம் போதும். ஈரம் ஏறிய நைலானுக்கு அதுவும் வேண்டாம். மோட்டார் பெரும்பாலான நேரம் முழுச் சுமையில் ஓடாததால்தான் மூன்று வாரம் தாங்கியிருக்கிறது.

நாள் முழுக்க ஓடும் இயந்திரத்தில், நைலானோ அசிட்டாலோ (கடையில் டெல்ரின்), பல்லின் அடியில் சதுர மி.மீ.க்கு 15 நியூட்டனுக்குள் நிறுத்துங்கள். ஆய்வுக்கூட எண்கள் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் நொடியில் டார்க் இரண்டு மடங்குக்கு மேல் எகிறும், பல் சூடாகும், பொட்டலம் சிக்கினால் ஒரு அடி விழும். இதையெல்லாம் அந்த இடைவெளிதான் விழுங்க வேண்டும்.

அடுத்து என்ன செய்வது? மாட்யூலை 4 ஆக்கி, அகலத்தை 40 ஆக்கினால் பினியன் விட்டம் 80 ஆகும், விசை பாதியாகி 980-க்கு இறங்கும். சுமை 980 ÷ (40 × 4 × 0.41), அதாவது 15. கணக்கு சரிதான். ஆனால் ஷாஃப்டுகளுக்கு இடையிலான தூரம் 70-லிருந்து 140 மி.மீ. ஆகிவிடும், உங்கள் பாடியில் அதற்கு இடம் இருக்காது என்றே நினைக்கிறோம்.

இன்னொரு வழி, எங்களுக்குப் பிடித்தது: இந்த ஜோடியை கியர்பாக்ஸுக்கு முன்னால், மோட்டார் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். அங்கே 1440 ஆர்.பி.எம்.மில் டார்க் 2.45 நியூட்டன் மீட்டர் மட்டுமே. விசை 122 நியூட்டன். அதே மாட்யூல் 2, அதே 20 மி.மீ. அகலத்தில் சுமை 7.5. பல்லின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர், பிளாஸ்டிக்குக்குச் சிரமமில்லாத வேகம். கடைசியில் கிடைப்பது முன்பு போலவே 36 ஆர்.பி.எம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இப்போது கியர்பாக்ஸின் வெளிஷாஃப்ட்டில் டார்க் 39-லிருந்து 98 நியூட்டன் மீட்டராக ஏறும். பாக்ஸின் தகட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அது தாங்காது என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டு டைமிங் பெல்ட்டுக்குப் போவதே மேல்.

பிளாஸ்டிக் கியரின் இடம் வேகமாகச் சுற்றும், டார்க் குறைந்த பக்கம். மெதுவாகச் சுற்றி இழுக்கும் பக்கத்தில் அதை வைக்க ஆசைப்பட்டால் உருவத்தைப் பெருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

படத்தைப் பற்றி: பல் ஒரே துண்டாக அடியோடு பெயர்ந்திருக்கிறது. உடையாத பக்கத்துப் பற்களின் அடியில், விசை விழும் பக்கத்து வளைவில், நகத்தால் கீறினாற்போல் வெளிறிய கோடு தெரிகிறது. அது சுமை மீறியதற்கான அடையாளம். அந்தப் பற்களும் வரிசையில் நின்றவைதான். வெப்பத்தால் போன கியர் வேறு மாதிரி இருக்கும்: பல்லின் பக்கம் மெழுகு பூசியது போல் பளபளத்து, நுனி ஒரு பக்கமாக வழிந்து மடிந்திருக்கும். தேய்ந்து போன கியரில் பல் கத்தி போல் மெலிந்து, கீழே மாவு மாதிரி பொடி கிடக்கும். உடைந்த கியரைக் குப்பையில் போடும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உங்கள் பல்லின் அடி வளைவும் கூர்மையாகத் தெரிகிறது. அடுத்த முறை, நுனி முழுவட்டமாக உருட்டிய ஹாப் (பல் வெட்டும் கட்டர்) வைத்திருப்பவரிடம் வெட்டக் கொடுங்கள். கூரான அடியை இரும்பு மன்னிக்கும், பிளாஸ்டிக் மன்னிக்காது.

கேள்வி: மீன் பதப்படுத்தும் கூடத்தில் கன்வேயர் ஓடுகிறது. 20 பல் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பினியன், 60 பல் நைலான் கியர், மாட்யூல் 3. புதிதாக மாட்டும்போது பல்லிடுக்கு (பற்களுக்கு இடையே விடும் தளர்வு) 0.2 மி.மீ. வைத்து நன்றாக ஓடும். நாலைந்து மாதத்தில் இறுகி, மோட்டார் டிரிப் ஆகிறது. கழற்றி அளந்தால் கியர் "வளர்ந்திருக்கிறது". தினமும் குளோரின் தண்ணீரில் கழுவுகிறோம். டெல்ரினுக்கு மாறலாமா?
– பராமரிப்புப் பிரிவு, தூத்துக்குடி

பதில்: வளர்ந்திருக்கிறது என்பது சரியான சொல். நைலான் தண்ணீர் குடிக்கும். சாதாரணக் காற்றின் ஈரத்திலேயே எடையில் 2.5 முதல் 3 சதவீதம் தண்ணீர் ஏற்றிக்கொள்ளும். தண்ணீரிலேயே கிடந்தால் 8, 9 சதவீதம் வரை போகும். ஒவ்வொரு சதவீதத் தண்ணீருக்கும் அளவு 0.2 முதல் 0.3 சதவீதம் கூடும். தடித்த பொருளுக்குள் ஈரம் மெதுவாகத்தான் இறங்கும். மாட்டிய வாரம் சரியாக இருந்து, மாதங்கள் கழித்து இறுகுவதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் கியரின் பிட்ச் ஆரம் 90 மி.மீ. அளவு 0.6 சதவீதம் கூடினாலே ஆரம் 0.54 மி.மீ. ஏறுகிறது. பல்லிடுக்கில் எவ்வளவு போகும் என்பதற்கு, 20 டிகிரி பல்லில் அதை 0.73-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 0.39 மி.மீ. நீங்கள் வைத்ததோ 0.2. பல் பல்லை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டுதானே நிற்கும்! பல் நுனிக்கும் எதிர்க் கியரின் அடிக்கும் நடுவே உள்ள 0.75 மி.மீ. இடைவெளியிலும் 0.54 போய்விட்டது. இது காற்றின் ஈரத்துக்கான கணக்கு. உங்கள் கூடத்தில் தினமும் தண்ணீரிலேயே நனைகிறது. அதற்கு மேல்தான் இருக்கும்.

வெப்பத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். நைலானும் அசிட்டாலும் இரும்பைவிட ஏழு முதல் ஒன்பது மடங்கு வரை விரியும்: இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் 0.012 மி.மீ. நீளும் இடத்தில் நைலான் 0.08 முதல் 0.1 வரையும், அசிட்டால் 0.11 பக்கமும் நீளும். 90 மி.மீ. ஆர நைலானுக்கு 20 டிகிரி ஏற்றம் என்றால் இன்னொரு 0.16 மி.மீ.

டெல்ரின் என்று கடையில் கொடுக்கும் அசிட்டால் தண்ணீர் விஷயத்தில் தங்கம். முழுக்க ஊறினாலும் ஒரு சதவீதத்தைத் தொடாது. ஆனால் குளோரின் அதற்கு எதிரி. எப்போதாவது நீர்த்த கரைசலால் கழுவி உடனே நல்ல தண்ணீர் விட்டால் பாதகமில்லை. தினமும் காட்டமாக அடித்து அப்படியே காயவிட்டால் மேற்பரப்பு வெளுத்து, சுண்ணாம்பு போல் உதிர்ந்து, பல் அடியில் விரிசல் விடும். அமிலக் கிளீனரும் அப்படித்தான்.

ஆகவே உங்களுக்கு நாங்கள் சொல்வது பி.ஈ.டி. (பாலியெஸ்டர் வகை பிளாஸ்டிக்) ராடு. மெதுவாக ஓடும் கன்வேயருக்குப் போதுமான பலம், தண்ணீர் குடிப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழ், நீர்த்த குளோரினுக்கு அசையாது. 60 டிகிரிக்கு மேல் சுடுதண்ணீரோ நீராவியோ அடிக்கக்கூடாது. காட்டமான காரச் சோப்பும் ஆகாது. மீனுக்கு மேலே அல்லது பக்கத்தில் ஓடும் கியர் என்றால் உணவுக்கான கிரேடு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பி.ஈ.டி. கிடைக்கும் வரை நைலானிலேயே ஓட்டுவதானால் பல்லிடுக்கைக் கூட்டுங்கள். எந்தப் பல்லை மெலியவைப்பது என்பதில்தான் பலர் தவறுவார்கள். நைலான் பல்லை மெலிக்காதீர்கள், பலவீனமானது அதுதான். ஹாப்பை ஆழமாக விட்டு எஸ்.எஸ். பினியனின் பல்லை மெலித்துக்கொள்ளுங்கள். 0.4 மி.மீ. கூடுதல் ஆழம் விட்டால் சுமார் 0.3 மி.மீ. இடுக்கு கிடைக்கும். பேரிங் பிளாக்குக்கு நீள்துளை இருந்தால் தூரத்தையும் சற்று தள்ளலாம். மாட்டும்போது டயல் கேஜ் வைத்து அளப்பது மட்டும் போதாது; இரண்டு மணி நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: பல் நன்றாக இருக்கிறது, கீவேயின் (கியரை ஷாஃப்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளத்தின்) மூலையிலிருந்து விரிசல் கிளம்பி கியர் இரண்டாகப் பிளக்கிறது. 25 மி.மீ. ஷாஃப்ட், 8 மி.மீ. கீ, ஹப் நீளம் 25 மி.மீ., டார்க் சுமார் 40 நியூட்டன் மீட்டர். கீவேயை ஆழமாக்கலாமா?
– ஃபிட்டர், ஈரோடு

பதில்: ஆழமாக்கினால் இன்னும் சீக்கிரம் பிளக்கும். 40 நியூட்டன் மீட்டரை 12.5 மி.மீ. ஆரத்தால் வகுத்தால் கீயின் பக்கத்தில் 3,200 நியூட்டன். ஹப்புக்குள் கீ 3.3 மி.மீ. உட்கார்கிறது, 25 மி.மீ. நீளத்தில் பரப்பு 82.5 சதுர மி.மீ. அழுத்தம் சதுர மி.மீ.க்கு 39 நியூட்டன். காஸ்ட் நைலானுக்கு 20-ஐத் தாண்டக்கூடாது என்பது வழக்கம். சுமை திசை மாறி மாறி வந்தால் அதில் பாதி. நீங்கள் இரண்டு மடங்கில் இருக்கிறீர்கள்.

இதற்கு உலோக ஹப் போடுவதே வழி. எம்.எஸ். (சாதாரண எஃகு) அல்லது அலுமினியத்தில் காலர் வைத்த ஹப் செய்து, கீவேயை அதில் வெட்டுங்கள். பிளாஸ்டிக் வளையத்தை காலரில் உட்காரவைத்து, ஆறு போல்ட், பின்புறம் ஒரு முழு வளைய வாஷர் தட்டு. போல்ட் தலையை நேராக பிளாஸ்டிக்கின் மேல் முறுக்கினால் நாளடைவில் பிளாஸ்டிக் அமுங்கி போல்ட் தளரும்; ஒவ்வொரு துளையிலும் பிளாஸ்டிக்கின் தடிமனைவிட ஒரு துளி குறைவான நீளத்தில் இரும்புப் புஷ் போட்டால் போல்ட் புஷ்ஷில் வந்து நின்றுவிடும். வெறும் பிரஸ் ஃபிட்டை நம்ப வேண்டாம், முதல் கோடையிலேயே நழுவும். பிளாஸ்டிக்கில் மரை போட்டு கிரப் ஸ்குரூ வைப்பதும் அதே கதைதான்.

சின்ன டார்க்குக்கு நேராக பிளாஸ்டிக்கில் கீவே வெட்டுவதானால், மூலையில் உருட்டு கொடுங்கள். கீவேயின் மேல்தளத்திலிருந்து பல்லின் அடி வரை, பல்லின் முழு ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு சதை விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: இடம் குறைவு. மாட்யூல் 1.5, 12 பல் பினியன் வேண்டும். டெல்ரினில் செய்யலாமா?
– ஓசூர்

பதில்: 20 டிகிரியில் 17 பல்லுக்குக் கீழே போனால் ஹாப் பல்லின் இடுப்பைக் குடைந்துவிடும். இரும்பிலேயே அது நல்லதில்லை. 12 பல்லுக்கு 0.3 அளவு திருத்தம் கொடுங்கள்: ஹாப்பை 0.3 × 1.5 = 0.45 மி.மீ. வெளியே தள்ளி வெட்ட வேண்டும். வெளிவிட்டம் 21-க்குப் பதில் 21.9. எதிர் கியரில் அதே 0.45-ஐ உள்ளே தள்ளினால் ஷாஃப்ட் தூரம் மாறாது. அதற்கு எதிர் கியரில் 22 பல்லாவது இருக்க வேண்டும். முடிந்தால் இந்தப் பினியனை எஃகில் செய்து பெரியதை டெல்ரினில் செய்யுங்கள். சின்னதன் ஒவ்வொரு பல்லும்தான் அதிக முறை அடி வாங்கும்.

கேள்வி: இரண்டு கியரும் டெல்ரினாகவே இருக்கலாமா? கிரீஸ் தேவையா? "பிளாஸ்டிக்குக்கு எண்ணெயே வேண்டாம்" என்று ராடு விற்றவர் சொன்னார்.
– திருப்பூர்

பதில்: அசிட்டாலும் அசிட்டாலும் உரசினால் ஒன்றையொன்று தின்னும், கீச்சென்று சத்தமும் வரும். இரண்டும் பிளாஸ்டிக்காக வேண்டுமென்றால் ஒன்று அசிட்டால், மற்றது நைலான் 66. நல்ல ஜோடி, பழைய ஜோடி. ஆனாலும் கொஞ்சம் வேகமாக ஓடும் இடத்தில் ஒன்று உலோகமாக இருப்பதே நல்லது. காரணம் வெப்பம். பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் எஃகைவிட நூறு மடங்குக்கு மேல் மந்தம். இரண்டும் பிளாஸ்டிக் என்றால் உரசலில் பிறந்த சூட்டுக்குப் போக வழியில்லை. எஃகுப் பினியன் அதை ஷாஃப்ட் வழியாக வெளியே இழுத்துவிடும். அசிட்டாலின் பலம் 80, 90 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். உருகுவதற்கு 165, 175 டிகிரி வேண்டும் என்ற தைரியத்தில் இருக்காதீர்கள்.

எஃகுப் பினியனின் பல் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும், 0.8 மைக்ரானுக்குள். ஹாப் விட்ட கோடுகளோடு அப்படியே மாட்டினால் அது பினியன் இல்லை, அரம். எங்கள் அனுபவத்தில் "டெல்ரின் சீக்கிரம் தேய்கிறது" என்று வரும் புகார்களில் பல இந்த இடத்தில்தான் முடிகின்றன. கண்ணாடி இழை கலந்த நைலான் போட்டால் எஃகையும் கடினப்படுத்த வேண்டும். அந்த இழை மென்மையான எஃகையே தேய்க்கும். பினியனின் அகலத்தை பிளாஸ்டிக் கியரைவிட 2, 3 மி.மீ. கூடுதலாக வையுங்கள். பிளாஸ்டிக் அகலமாக இருந்தால் தேயாத ஓரம் படிக்கட்டு போல் நின்று, கியர் சற்று நகர்ந்த அன்று பல்லை நெம்பும்.

கிரீஸ்: ராடு விற்றவர் சொன்னது பாதி உண்மை. லேசான சுமையில் காய்ந்தே ஓடும். ஆனால் மாட்டும்போது ஒரு முறை சாதாரண லித்தியம் கிரீஸைப் பல்லில் மெல்லியதாகப் பூசினால் முதல் நாட்களின் தேய்மானமும் சூடும் நன்றாகக் குறையும். அசிட்டாலுக்கும் நைலானுக்கும் அது கெடுதல் செய்யாது. பக்கத்தில் உள்ள மூடி பாலிகார்பனேட்டா, ஏ.பி.எஸ்.ஸா என்று பாருங்கள். சிலவகை எண்ணெய் பட்டு வெடிப்பது கியரில்லை, மூடிதான். மாவு, பஞ்சு, சிமென்ட் பறக்கும் இடத்தில் கிரீஸ் வேண்டாம். சிமென்டும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள்.

கேள்வி: ஹாபிங் ஜாப் செய்கிறோம். காஸ்ட் நைலான் பிளாங்க் கடையும்போது துளை 30.00 மி.மீ.; மறுநாள் 29.9. சில சமயம் முட்டை வடிவம். ஏன்?
– கோவை

பதில்: மூன்று தவறு சேர்ந்திருக்கலாம். சூடாக இருக்கும்போதே அளந்திருப்பீர்கள். மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். விட்டதும் அது தன் பழைய உருவத்துக்குத் திரும்பும். ராடுக்குள் வார்ப்பின்போது உறைந்த இழுவிசையும் இருக்கும்; பெரிய துளை போட்டதும் அது அவிழும். எல்லாப் பக்கமும் 2 மி.மீ. விட்டு ரஃப் செய்து, ஒரு நாள் சும்மா போட்டுவிட்டு, பிறகு ஃபினிஷ் செய்யுங்கள். முழுப் பரப்பைத் தழுவும் சாஃப்ட் ஜா அல்லது மான்ட்ரலில் பிடியுங்கள். டூல் சவரக்கத்தி மாதிரி இருக்கட்டும். மரத்துக்கு வைக்கும் கூர்மை. ஹாப்பும் அப்படியே: இரும்பு வெட்டி மழுங்கிய ஹாப் நைலானை வெட்டாது, தள்ளும், தள்ளிய பல் பிறகு வீங்கி எழும்பும். எக்ஸ்ட்ரூட் செய்த டெல்ரின் ராடின் நடுவில் பஞ்சு போன்ற வெள்ளைக் கோடு இருந்தால் பயப்பட வேண்டாம், துளையில் போய்விடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மோல்டிங்கில் 32 பல், மாட்யூல் 1.5 அசிட்டால் கியர் அடிக்கிறோம். பக்கவாட்டில் ஒரே கேட் (பிளாஸ்டிக் டைக்குள் நுழையும் வாய்). பல் ஓடுபாதையில் 0.25 மி.மீ. ரன்அவுட் (வட்டம் விலகி ஓடுவது). டை செய்தவர் "மெட்டீரியல் சுருக்கம், ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்.
– மோல்டிங் யூனிட், சென்னை

பதில்: நிறையச் செய்யலாம். ஒரு பக்கமிருந்து உருகிய பிளாஸ்டிக்கை ஊட்டினால் கேட் பக்கம் ஒரு மாதிரி, எதிர்ப்பக்கம் வேறு மாதிரி சுருங்கும். வட்டம் வட்டமாக இருக்காது. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள தட்டில் சமதூரத்தில் மூன்று பின் கேட் வையுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால் துளையைச் சுற்றி முழு வட்ட டயஃபிரம் கேட். பிறகு துளையை வெட்டி எடுக்கும் வேலை கூடும். அதைச் செய்யத் தயாராக இருந்தால் அதற்கு ஈடில்லை.

சுருக்கத்தைப் பொறுத்தவரை, அசிட்டால் சுமார் 2 சதவீதம் சுருங்கும். 48 மி.மீ. பிட்ச் விட்டம் வர கேவிட்டியில் (டையின் குழியில்) 48 ÷ 0.98, அதாவது 48.98 வேண்டும். அப்போது கேவிட்டியின் மாட்யூல் 1.53 ஆகிறது, அப்படி ஒரு கட்டர் கடையில் இல்லை. பல்லின் உருவத்தையே பெரிதாக்கி வயர்கட்டில் எடுக்க வேண்டும். வெளிவிட்டத்தை மட்டும் பெரிதாக்கி 1.5 கட்டரில் வெட்டிய டைகள் இன்றும் புழங்குகின்றன. அவற்றில் வரும் கியர் தன் ஜோடியோடு ஒரு நாளும் ஒத்துப் போகாது.

தட்டுக்குப் பலம் சேர்க்கிறேன் என்று ஆரம் ஆரமாக ரிப் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ரிப் தொடும் இடத்தில் சதை கூடி அந்தப் பல் மட்டும் உள்ளே இழுபடும். ஆறு ரிப் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு முறை ஏறி இறங்கும் சத்தத்தைக் காதாலேயே எண்ணலாம். ஹப், தட்டு, ரிம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தடிமனாக இருக்கட்டும். ஒரு கியரை ஹேக்சாவால் நடுவே அறுத்துப் பாருங்கள். ஹப்பில் குமிழி தெரிந்தால் சதை கூடுதல் அல்லது அழுத்திப் பிடிக்கும் நேரம் குறைவு.

டை சூடு 80 முதல் 100 டிகிரி வரை இருக்க வேண்டும். உற்பத்தி வேகத்துக்காகத் தண்ணீர் விட்டுக் குளிரவைத்து அடித்தால் அன்றைக்கு அளவு சரியாக வரும். வாடிக்கையாளர் கிடங்கில் இரண்டு மாதம் இருந்து மேலும் சுருங்கும். அளப்பதும் அடித்த மறுநாள்தான்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்கு 3டி பிரிண்டரில் கியர் எடுக்கிறோம். பி.எல்.ஏ. போதுமா?
– மாணவர்கள், மதுரை

பதில்: ஓடிக் காட்டுவதற்குப் போதும். 60 டிகிரி பக்கம் பி.எல்.ஏ. இளகிவிடும், மோட்டாரை ஒட்டி வைக்காதீர்கள். 0.4 மி.மீ. நாசிலில் மாட்யூல் 1.5-க்குக் கீழே பல் உருவம் தேறாது. கியரைப் படுக்கவைத்து அச்சிடுங்கள், நிறுத்தி வைத்தால் அடுக்கு அடுக்காகப் பல் பெயரும். சுவர் நான்கைந்து சுற்று, உள்ளே முழு நிரப்பு, பல்லிடுக்கு 0.2 முதல் 0.3. நைலான் இழையில் எடுப்பதானால் முதலில் அதை நன்றாகக் காயவையுங்கள்.

கேள்வி: எங்கள் மினி லேத்தில் ஹெட்ஸ்டாக் கியர் பிளாஸ்டிக். வருடத்துக்கு ஒரு முறை பல் போகிறது. எஃகில் வெட்டிப் போட்டுவிடலாமா?
– சேலம்

பதில்: போடலாம், அடுத்த முறை டூல் சிக்கிக்கொள்ளும்போது எது உடையும் என்று முதலில் யோசியுங்கள். இப்போது 100 மி.மீ.கூட இல்லாத ஒரு கியர் ஃபியூஸ் போல் போகிறது. எஃகில் மாற்றினால் அந்த அடி மோட்டார் கன்ட்ரோல் போர்டுக்கோ ஸ்பின்டில் கீக்கோ போகும். அடிக்கடி உடைவது இன்டரப்டட் கட்டிலும் (டூல் விட்டு விட்டுப் படும் வெட்டு), ஓடும்போதே கியர் மாற்றுவதிலும்தான். அவற்றை நிறுத்தி, உதிரி ஒன்றை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஃபியூஸ் நியாயம், கியர் உடைந்தால் இயந்திரம் சும்மா நின்றுவிடும் இடத்துக்கு மட்டும்தான். சுமை தூக்கும் ஹாயிஸ்ட், சரிவில் ஏறும் கன்வேயர் போல, பல் போனால் பாரம் கீழே வரும் இடத்தில் பிளாஸ்டிக் கியர் வேண்டாம். பிரேக் மோட்டார் பக்கம் இருந்தாலும் வேண்டாம். நடுவில் பல் போய்விட்டால் அந்த பிரேக் எதைப் பிடிக்கும்?